பஞ்சும் பட்டாவும்

(மதுரையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



தொழில் வளர்ச்சி பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு பேங்க் கிளார்க். வளர்ச்சி என்கிற சொல் எங்க கவுண்டருக்கு விண்ணப்பமாகத்தான் வரும். அதுக்கு அப்புறம் வர்றேன்.

புவியியல் படிக்கிறவர்களுக்கு ஆல்ஃபிரெட் வெபரைத் தெரியும். ஆலை எங்கே அமையும் என்று 1909-ல் கணக்குப் போட்டவர். போக்குவரத்துச் செலவு, கூலி, ஆலைகள் கூடி நிற்பதால் வரும் ஆதாயம். மதுரை இந்தக் கணக்குக்கு அச்சாகப் பொருந்தும். தெற்கே கரிசல் பருத்தி. 1875-ல் ரயில், அடுத்த வருஷம் தூத்துக்குடி வரைக்கும் தண்டவாளம். அதே சமயத்தில் தாது வருஷப் பஞ்சம், கூலிக்கு ஆள். 1890-களில் ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் ஸ்டேஷன் பக்கத்திலேயே எழுந்தது.

வெபர் கணக்கு முடிஞ்சது. நம்ம கணக்கு இங்கதான் ஆரம்பிக்குது. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவனெல்லாம் ஒரே ஆளா? ஒருத்தனுக்கு ஊரில் காடு கழனி பட்டாவோடு இருக்கு. இன்னொருத்தனுக்குக் குடிசை போட்ட இடமே சொந்தமில்லை. பாடப்புத்தகம் இருவரையும் 'உழைப்பு' என்று ஒரே கட்டத்தில் போடுகிறது.

1921-ல் சென்னை பின்னி ஆலை வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்புச் சேரி எரிக்கப்பட்டது. கருங்காலி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். மாசக்கணக்கில் ஸ்டிரைக் தாங்க ஊரில் நெல்லு வேணும், தோழர். நிலமில்லாதவனுக்கு வாரக்கூலி நின்னா அடுப்பு நின்னது. வர்க்க ஒற்றுமை உடைந்ததில் அந்த அடுப்புக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் வைகைக்கு வந்தது. மேலூர் பக்கம் புஞ்சை நஞ்சையானது. பென்னிகுவிக்குக்கு இன்னைக்கும் பொங்கல் வைக்கிறாங்க, வைக்கட்டும். தண்ணி நிலத்துக்குத்தான் பாயும். பட்டாக்காரனுக்கு நெல்லும் முதலும் கிடைத்தது; சேரிக்குக் கிடைத்தது கூடுதலாக நடவுக் கூலி.

அந்தச் சமயத்தில்தான் நமக்கும் நிலம் என்று அரசு எழுதியது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் அறிக்கை கொடுத்தார். 1892-ல் உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 12 லட்சம் ஏக்கர். பத்து வருஷம் விற்கக் கூடாது, பிறகும் நம்ம ஆட்களுக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருக்கு, பெரும்பகுதி நிலம் மற்றவன் கையில் இருக்கு. அதைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994-ல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் சுட்டுச் செத்தார்கள்.

இப்ப விண்ணப்பத்துக்கு வர்றேன். 2016-ல் ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் வந்தது, 2025 மார்ச் வரை இருந்தது. கிளைக்குக் குறைந்தது ஒரு தலித் அல்லது பழங்குடி, ஒரு பெண். 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை கடன். அதுக்காக ஒரு தம்பி வந்தான். பாலிடெக்னிக் முடிச்சவன், கப்பலூர் சிட்கோ பேட்டையில் லேத் பட்டறை போட ஆசை. ஈடு இல்லாமலும் கொடுத்திருக்கலாம், உத்தரவாத நிதி இருந்தது. எங்க அதிகாரி கேட்ட முதல் கேள்வி: "சொத்து ஏதும் இருக்கா தம்பி?" திட்டச் செலவில் 25 சதவீதம் வரை சொந்தப் பணம் காட்டணும் என்பது பழைய விதி, 2021-ல் அதை 15 ஆக்கினார்கள். பத்து லட்சத் திட்டத்துக்கே ஒன்றரை லட்சம். தம்பியோட அப்பா களத்துமேட்டுக் கூலி. கோப்பைக் கையில் வாங்கிக்கிட்டுப் போயிட்டான்.

அந்த ஒன்றரை லட்சம் 1892-லேயே அவன் கொள்ளுத்தாத்தனுக்கு எழுதப்பட்டு, கைக்கு வராமல் போன பணம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் இருந்து இருக்கு. அவங்கவங்க ஊர் 'அ' பதிவேட்டின் நகலைத் தாலுகா ஆபீசில் கேளுங்க. குறிப்புக் கட்டத்தில் 'டி.சி.' என்று எழுதியிருக்கிற சர்வே எண்களைத் தனியா குறிங்க. பிறகு அந்த எண் இருக்கிற இடத்துக்கு நடந்து போய், இப்ப அங்கே என்ன நிக்குதுன்னு எழுதிட்டு வாங்க. செங்கல் சூளையா, பிளாட்டா, கம்பெனியா. அடுத்த கூட்டத்தில் அதை வாசிப்போம்.