வண்டி நின்ற இடத்தில்

(வானொலியில் ஒலித்த ஞாயிறு மறையுரை. பொதுக்காலம் 15-ஆம் ஞாயிறு. நற்செய்தி: லூக்கா 10:25-37)



நல்ல சமாரியர் உவமை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஞாயிறு திருப்பலியில் நம்மிடம் வருகிறது. போன முறை அது வாசிக்கப்பட்ட அன்று காலையில் நான் நன்றாகவே பிரசங்கம் வைத்தேன். ஒரு பெரியவர் வந்து கையைப் பிடித்துப் பாராட்டினார். அன்று சாயங்காலம் நடந்ததை மட்டும் இதுவரை பீடத்தில் நின்று சொன்னதில்லை. வானொலியில் உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்ற தைரியத்தில் இப்போது சொல்கிறேன்.

பூசை முடிந்ததும் அக்கா குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் கிளம்பினோம். சாரல் காலம். அத்தானுடைய பழைய கார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க இறங்கியபோது, "செண்பகத்தோப்புல சாம்பல் நிற அணில் இருக்காமே மாமா" என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். அந்த அணிலுக்காகத்தான் 1988-இல் அந்தக் காட்டைச் சரணாலயம் ஆக்கினார்கள். 2021 முதல் அது புலிகள் காப்பகத்திலும் சேர்ந்துவிட்டது. மலையடிவாரம் வரை போனோம். அணில் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

திரும்பும்போது, ராஜபாளையத்துக்குக் குறுக்கு வழி இருக்கும் என்று சொன்னவன் நான்தான். போன் காட்டிய வழியில் ஒரு தென்னந்தோப்பு, ஒரு மாந்தோப்பு, மறுபடி தென்னந்தோப்பு. தார் ரோடு முடிந்து மண் பாதை வந்தது. சிக்னல் போனது. இருட்டுகிற நேரத்தில் முன்பக்கமிருந்து புகைபோல ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் குழாய் வெடித்து, தண்ணீர் முழுக்க ஒழுகியிருந்தது. தூறலும் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் ஒருவர் தோப்புக்குள்ளிருந்து வந்தார். கையில் டார்ச், இடுப்பில் அரிவாள். நான் சொன்ன முதல் வார்த்தை இது: "அக்கா, கண்ணாடியை ஏத்து." கதவுகளைப் பூட்டினேன். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். அவர் கிட்டே வராமல் பத்தடி தள்ளியே நின்றார்.

"யானை இறங்குற நேரம் அய்யா. பிள்ளைகளை வச்சுக்கிட்டு இங்க நிக்காதீங்க. அந்தா என் குடிசை."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தோப்பின் காவல் குடிசை முன்னால் நெருப்பு தெரிந்தது. பிள்ளைகள்தான் முதலில் இறங்கி ஓடினார்கள். கடைசியாக இறங்கியவன் நான். அவர் செண்பகத்தோப்பின் பளியர் குடியிருப்பைச் சேர்ந்தவர், இரவுக் காவலுக்கு வந்திருக்கிறார். எங்களுக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். இன்ஜின் சூடு ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருக்கச் செய்தார். பிறகு தன் சைக்கிளின் பழைய டியூபை நீளமாகக் கிழித்து, குழாயின் வெடிப்பின்மேல் இறுக்கிச் சுற்றிக் கட்டினார். டியூபை அறுத்தது அதே அரிவாளால்தான்.

திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி அதிகாரம் நினைவுக்கு வந்தது. கப்பல் உடைந்து, பவுலடியாரும் கூட இருந்தவர்களுமாக 276 பேர் மால்தா தீவில் கரை ஏறுகிறார்கள். மழை, குளிர். அந்தத் தீவினர் தீ மூட்டி எல்லாரையும் வரவேற்றார்கள் என்கிறார் லூக்கா. இயேசுவை அறியாத அந்த மக்களின் நெருப்பில்தான் பெரிய திருத்தூதர் அன்று குளிர் காய்ந்தார்.

காலையில் என் பிரசங்கத்தில் நாம் எல்லாருமே சமாரியராக இருந்தோம். இல்லாவிட்டால் விலகிப்போன குருவாக, லேவியராக இருந்தோம். அடிபட்டுக் கிடந்தவராக இருக்க எனக்குத் தோன்றவே இல்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர், ஆயிரம் மீட்டர் இறக்கம், ஆளில்லாத பாறைக்காடு. அங்கே குற்றுயிராகக் கிடப்பவர் கண் திறந்து பார்க்கிறார். தன்மேல் குனிந்திருப்பவர் ஒரு சமாரியர். அந்த யூதருக்கு முதலில் வந்தது நன்றியா, பயமா? கதவைப் பூட்ட முடிந்திருந்தால் அவரும் பூட்டியிருப்பார். "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்றுதான் திருச்சட்ட அறிஞர் கேட்டார். யாருக்கு நான் உதவ வேண்டும் என்பது அவர் கணக்கு. இயேசு அவரைப் பள்ளத்தில் கிடப்பவரின் பக்கத்தில் படுக்கவைத்து, அங்கிருந்து நிமிர்ந்து பார்க்கச் சொல்கிறார். அப்போதும் அவர் வாயில் "சமாரியர்" என்ற சொல் வரவில்லை, கவனித்தீர்களா? இரக்கம் காட்டியவர் என்று சுற்றி வளைத்துத்தான் சொல்கிறார்.

நான் குருவாகி ஆண்டுகள் பல ஆகின்றன. கிறிஸ்துமஸ் வந்தால் இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்குப் போர்வை கொண்டுபோவேன், போட்டோவும் எடுப்போம். அங்கே ஒருவர் கையிலிருந்து ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் குடித்தது அதுதான் முதல் தடவை.

ஒன்பது மணி சுமாருக்கு வண்டி கிளம்பியது. வழி தெரியாது என்பதால் அவரும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். தார் ரோடு வந்ததும் இறங்கினார். நான் நீட்டிய ரூபாயைப் பார்த்து, "டியூப் பழசுதானே" என்றார். அக்காதான் பெயரைக் கேட்டாள். சின்னவள் பால்கோவாப் பொட்டலத்தைக் கொடுத்தாள், அதை வாங்கிக்கொண்டார். வண்டி ராஜபாளையத்தை நெருங்கும்போது அத்தான் கேட்டார்: "அவர் திரும்ப அவ்வளவு தூரம் நடக்கணுமே, யானை இறங்குற நேரம்னாரே?" யாரும் பேசவில்லை. அவரைக் கொண்டுபோய் விட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் பகலில் அந்தத் தோப்பைத் தேடிப் போனேன். வேறொருவர் காவல் இருந்தார். பெயரைச் சொல்லி விசாரித்தேன். "அவரா? நல்லாத்தான் இருக்கார். தேனெடுக்க மலைக்குப் போயிருக்கார், வர நாளாகும்" என்றார். குடிசை ஓரத்தில் அந்தச் சைக்கிள் சாய்ந்து நின்றது. வாங்கிப்போன புது டியூபை அதன் கேரியரில் வைத்துவிட்டு வந்தேன்.