சத்தம் ஏன் வெட்டுது? உங்க லினக்ஸுக்கு ஒரு 'சைரன்' உரிமை

போன மாசம் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் லேப்டாப்போட வந்தார். "அண்ணா, மிடி கீபோர்டு வாசிச்சா நடுவுல டப் டப்னு வெட்டுது. புது லேப்டாப் வாங்கணுமா?"

வேண்டாம். அந்த லேப்டாப்ல வேகம் இருந்தது, அனுமதிதான் இல்லை.

ஆடியோ துண்டு துண்டாத்தான் போகும். விநாடிக்கு 48,000 சாம்பிள், பஃபர் 256 என்றால், ஒரு துண்டுக்குக் கிடைக்கிற நேரம் சுமார் 5.3 மில்லி விநாடி. அதுக்குள்ள அடுத்த துண்டு தயாராகலைன்னா சத்தம் வெட்டும். இதைத்தான் 'எக்ஸ்ரன்' என்கிறோம். சராசரியா எவ்வளவு வேகம்ங்கிறது இங்க பிரச்சினையே இல்லை. ஒருதடவை லேட்டானாலும் காதுக்குத் தெரிஞ்சிடும்.

லினக்ஸ் எல்லா புரோகிராமுக்கும் பிராசஸரைப் பங்கு போட்டுக் கொடுக்கும். ரியல்டைம் முன்னுரிமை கிடைச்ச புரோகிராம் மட்டும் சைரன் போட்ட ஆம்புலன்ஸ் மாதிரி; மத்ததெல்லாம் ஒதுங்கி வழிவிடணும். ஆளாளுக்கு சைரன் கொடுத்தா, தப்பா எழுதின ஒரு புரோகிராமே மெஷினைத் திணறடிச்சிடும். அதனால சாதாரண யூசருக்கு இந்த உரிமை தானா வராது, நாமதான் கொடுக்கணும்.

டெபியன், உபுண்டுவில் 'ஜாக்டி2' பேக்கேஜை நிறுவும்போதே ரியல்டைம் முன்னுரிமை வேணுமான்னு கேட்கும். 'ஆமாம்' சொன்னா, 'லிமிட்ஸ் டாட் டி' ஃபோல்டர்ல ஒரு ஃபைல் உருவாகும். அதுல முக்கியமா ரெண்டு வரி. ஒண்ணு, 'ஆடியோ' குழுவுக்கு 'ஆர்டிபிரையோ' 95. இன்னொண்ணு, 'மெம்லாக்' அன்லிமிடெட். அதாவது, ஆடியோவுக்கான மெமரியை டிஸ்க்குக்குத் தள்ளிவிடாம பூட்டி வெச்சுக்கலாம்.

அடுத்து, உங்களை அந்தக் குழுவுல சேர்க்கணும். கவனமா கேளுங்க: சூடோ யூசர்மாட், ஹைஃபன், சின்ன 'ஏ', பெரிய 'ஜி', ஆடியோ, உங்க யூசர் பேர்.

அந்தச் சின்ன 'ஏ'வை நான் ஒருமுறை விட்டுட்டேன். 'ஏ' இருந்தா, இருக்கிற குழுக்களோட இதையும் சேர்க்கும். இல்லைன்னா மத்த குழுக்கள்லேர்ந்து உங்களைத் தூக்கிடும், 'சூடோ' குழு உள்பட! அடுத்த லாகின்ல என் மெஷினுக்கே நான் அட்மின் இல்லை. ரெக்கவரி மோடுல போய்த்தான் சரிபண்ணேன்.

முடிச்சதும் ரீஸ்டார்ட் பண்ணுங்க. டெர்மினல்ல 'யூலிமிட்', ஹைஃபன், 'ஆர்' அடிங்க. 95 வந்தா வேலை முடிஞ்சது. 0 வந்தா குழு பேரையும் ஃபைலையும் மறுபடி பாருங்க.

பாட்டு மட்டும் கேக்கறவங்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. நேரலையா வாசிக்கிறவங்க, ரெக்கார்ட் பண்றவங்க மட்டும் செஞ்சா போதும்.

தம்பி அன்னிக்கு சாயங்காலம் அதே லேப்டாப்ல ஒரு மணி நேரம் வாசிச்சார். ஒரு 'டப்'கூட இல்லை. பணத்தை எடுத்து வைங்க, முதல்ல அனுமதியைப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.