கருவியோடு வரவேண்டிய கல்வி

கடல் சூழ்ந்த ஊர்களிலே பிறநாட்டார் வருகை புதுமையன்று. யாழ்ப்பாணத் தீவுகளுக்குப் போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், ஆங்கிலேயரும் வந்தனர். ஊர்காவற்றுறைக் கடலின் நடுவே நிற்கும் கோட்டையும், நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட ‘டெல்வ்ற்’ என்னும் பெயரும் அதற்குச் சான்றாக நிலைத்துள்ளன. அவர்கள் கொண்டுவந்த கருவிகள் பல. நம்மவர்க்குக் கற்பித்துச் சென்றவை சில. கருவி வருவது வேறு. அதனை ஆளும் அறிவு வருவது வேறு. இவ்வேறுபாட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இதனை இப்பொழுது நினைப்பதற்குக் காரணம் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நாட்டின் பெரிய மின்விநியோக அமைப்போடு இணையாத தீவுகள். டீசலால் இயங்கும் மின்பிறப்பாக்கிகளே அங்குள்ள வீடுகளுக்கு ஒளி தந்து வந்தன. இம்மூன்று தீவுகளிலும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் பெறும் கலப்பு அமைப்புகளை நிறுவ, 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாம் நாள் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. இந்திய அரசின் நன்கொடை ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் அமெரிக்க டொலர். பணியை ஏற்றது பெங்களூர் நிறுவனம் ஒன்று.

நன்கொடை நல்லதே. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. நிறுவியவர் கப்பலேறிய பின், ஓர் இரவு சுழலி நின்றுவிட்டால் அதனை இயக்குவோர் யார்? உப்புக்காற்று திருகாணியை அரிக்கும். சூரியத் தகட்டிலே தூசியும் உப்பும் படிந்தால் கிடைக்கும் மின்சாரம் குறையும். வெப்பம் மிகுந்தால் மின்கலத்தின் ஆயுள் குன்றும். இவற்றை நாள்தோறும் கவனிக்கத் தெரிந்தவர் தீவிலேயே இருத்தல் வேண்டும். குறிகட்டுவானிலிருந்து படகேறி வரும் ஒருவருக்காக, கடல் கொந்தளிக்கும் நாளில், ஒரு தீவு முழுவதும் இருளிற் காத்திருக்க முடியாது.

இத்தகைய வினாவுக்கு யாழ்ப்பாணத்திலேயே ஒருவர் விடை கண்டிருக்கிறார். அவர் மின்பொறியாளர் அல்லர், மருத்துவர். அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் 1822ஆம் ஆண்டு பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர், 1847இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டிலேயே மாணாக்கர் சிலரைச் சேர்த்து மேனாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாயே அவர் பணியின் நிலைக்களம். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர்.

தொடக்கத்திற் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. கற்றவர்களோ அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர். கிராமத்து நோயாளி முன்போலவே இருந்தான். இதனைக் கண்ட கிறீன், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். கற்றவன் தன் ஊரிலே தங்கித் தொண்டு செய்யவேண்டும் என்பதே அவர் கருத்து.

துணிவு மட்டும் போதுமா? நூல் வேண்டாமா? கிறீன் தமிழைக் கற்றார்; மாணாக்கரையும் துணைக்கொண்டு நூல்களைத் தமிழாக்கினார். 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ என ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வெளிவந்தன. அவையெல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. கலைச்சொல்லுக்கு அவர் கொண்ட முறையும் எளியது. முதலில் தமிழிலே சொல் உண்டா என்று தேடினார். இல்லையேல் வடமொழியை நாடினார். அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இயைய அமைத்துக்கொண்டார். ‘கெமிஸ்தம்’ என்ற பெயரே அதற்கு உதாரணம். சொல்லுக்காகச் சண்டையிட்டு அவர் பாடத்தை நிறுத்திவைக்கவில்லை.

அவருக்குச் சமயம் பரப்பும் நோக்கமும் இருந்தது. அதனை மறைக்க வேண்டியதில்லை. எனினும், பிறர் மொழியைக் கற்று, அம்மொழியிலே தம் கலையை வைத்துவிட்டு, 1873இல் அவர் தாய்நாடு திரும்பியபோது, கலை அவருடன் கப்பலேறிப் போய்விடவில்லை. 1884இல் அவர் மறைந்த பின்னரும் அவர் நூல்கள் நின்றன. கொடை என்பது இது.

இனி நம் பக்கத்துக் கடமையைப் பார்ப்போம். அறிவு ஒருவழிப் பாதையன்று. தீவு மக்களும் கொடுப்பதற்கு உரியவர்களே. நம் கடற்றொழிலாளர் காற்றைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என அதன் திசையை அறிவர். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோழகம் வீசும் வேகத்தைப் பாயின் இழுவையிலே உணர்ந்தவர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் போன்றதொன்று எழுமாயின், சுழலியை எப்பொழுது நிறுத்திவைப்பது என்பது உயிர்ப்பிரச்சினை. பொறியாளரின் அளவுகருவியும் முதிய மீனவரின் கண்ணும் அங்கே ஒன்றுக்கொன்று துணையாகலாம். பயிற்சி வகுப்பிலே அந்த மீனவருக்கும் ஓர் ஆசனம் இடவேண்டும்.

பள்ளிக்கூடமொன்றை நடத்துபவன் என்ற முறையில் மூன்று காரியங்களை வேண்டுகிறேன். முதலாவது, இயந்திரத்தோடு வரும் கைந்நூல் தமிழிலும் அமையவேண்டும். நேரோட்டம், ஆடலோட்டம், மின்கலம் முதலிய சொற்கள் நம் பாடநூல்களில் முன்பே உள்ளன. இரண்டாவது, உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு 2013 முதல் நடைபெறுகின்றது. அதிலே பயிலும் தீவுப் பிள்ளைகளை நிறுவும் வேலையின் போதே உடனிருத்திப் பழக்கவேண்டும். கண்ணாற் கண்டு கையாற் செய்ததே நிலைக்கும். மூன்றாவது, பழுது நேர்ந்த நாளும் தீர்த்த விதமும் எழுதப்படும் குறிப்பேடு ஒவ்வொரு தீவிலும் இருக்கவேண்டும். அடுத்து வருபவனுக்கு அதுவே ஆசான்.

ஆங்கிலம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. மேற்கல்விக்கும் பிறநாட்டாருடன் உறவாடுவதற்கும் அது வேண்டும். பெங்களூரிலிருந்து வருபவரும் நெடுந்தீவு இளைஞனும் முதல் நாளிலே அதன் துணையாற் பேசட்டும். ஆனால் நள்ளிரவிலே விளக்கணைந்த வீட்டாருக்கு, நேர்ந்தது இன்னது, செய்யவேண்டியது இன்னது என்று விளக்குபவன் அவர்கள் மொழியிலேயே சிந்திக்கத் தெரிந்தவனாக இருத்தல் வேண்டும்.

வருகின்றவர்கள் நம் மொழியின் வாயிலிலே தம் கலையை வைக்கட்டும். நாமும் நம் காற்றையும் கடலையும் பற்றிய அறிவை அவர்கள் கையிலே கொடுப்போம். அங்ஙனமாயின், இயந்திரம் பழையதாகிக் கழிந்த பின்னும் அறிவு தீவிலே தங்கும்.