வேலை போன வீட்டுக்குச் செல்லுதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

யாம் புலவர் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கின்றோம். செயலாளர் எமக்கு அளித்த தலைப்பு 'உழைப்பின் உயர்வு' என்பது. அதனைப் பற்றிப் பேசப் பலர் உளர். பல்லாண்டு உண்மையாய் உழைத்தவன் ஒரு நாள் "இனி நீர் வேண்டா" என்று அனுப்பப்படும்போது அவன் உள்ளம் படும் பாட்டைப் பற்றியே யாம் பேச விழைகின்றோம். பொறுத்தருள்க.

இங்கிருந்து சென்னைக்குப் புகைவண்டியில் செல்வோர், தௌண்ட் கடந்தபின் குர்டுவாடி என்னும் நிலையம் வருவதைக் கண்டிருப்பீர்கள். இரண்டு அடி ஆறு அங்குல அகலமே கொண்ட பார்சி லைட் ரயில்வே என்ற சிறு பாதை 1897இல் ஓடத் தொடங்கியது அவ்விடத்திலிருந்துதான். அது ஒரு கம்பெனிக்குச் சொந்தமானது. 1954 ஜனவரி முதல் நாள் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொள்ள இருந்தமையால், முந்திய நவம்பரிலேயே கம்பெனி தன் ஊழியர் அனைவர்க்கும் நோட்டீசு கொடுத்தது. டிசம்பர் 31 மாலையோடு அனைவருடைய வேலையும் முடிந்தது. மறுநாளே பெரும்பாலோரை அரசாங்கம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. மொத்த வருவாயும் குறையவில்லை. ஆயினும் அவர்கள் ஆட்குறைப்புக்குரிய நஷ்டஈடு கோரி வழக்காடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தொழில் நடந்துகொண்டிருக்கையில் மிகுதியான ஆட்களை நீக்குவதே ஆட்குறைப்பு, உடைமையாளர் தொழிலையே கைவிடுவது அன்று என்று 1956 நவம்பரில் தீர்ப்பாயிற்று. தொழிலாளர் தோற்றனர். அடுத்த ஆண்டே பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.

மறுநாள் வேலை காத்திருந்தும் அம்மனிதர் ஏன் வழக்காடினார்கள்? பணத்துக்காகத்தான் என்று கூறுவோர் கூறுக. 1953ஆம் ஆண்டுச் சட்டம், நீக்கப்பட்டவனுக்கு அவன் உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாட்சம்பளம் என்று அளவு வகுத்தது. அவ்வளவு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுத் தொகுப்பிலும் தொடர்கின்றது. தொகை பெரிதன்று. ஆனால் அதைப் பெறுவதற்கு யாரேனும் ஒருவர் உட்கார்ந்து, இவன் எத்தனை ஆண்டு உழைத்தான் என்று எண்ணியாக வேண்டும். தம் ஆண்டுகள் எண்ணப்பட வேண்டும் என்பதையே அவர்கள் வேண்டினர் என்பது பேரேடு எழுதும் எம் சிறு கருத்து. அரசாங்க வேலையை வேண்டாவென்று விலகியவர் 24 பேர் மட்டுமே. குர்டுவாடியைக் கடக்கும்போதெல்லாம் எம் மனம் அந்த 24 பேர்மீதே செல்லும்.

அது பழங்கதை. இன்று நம் காலனியைச் சுற்றிக் கண்ணாடி மாளிகைகள் எழுந்துள்ளன. நம் பிள்ளைகளிற் பலர் அவற்றில் உழைக்கின்றனர். 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் தன் ஊழியரில் நூற்றுக்கு இருவரை, ஏறத்தாழ 12,000 பேரை, விடுவிக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலைப் பதவிகளில் இருந்தோரே அவர்கள் என்றும் கூறிற்று. அஃதாவது, வீட்டுக் கடன் தலைமேல் இருக்க, பிள்ளை பத்தாம் வகுப்புப் படிக்கும் வயதினர்.

நம் காலனி நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல அவரிடமே ஒப்புதல் பெற்று வந்துள்ளோம். ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பத்தொன்பது ஆண்டு உழைத்தவர். ஒரு நாள் நண்பகலில் பூனா நிலையத்து முதலாம் பிளாட்பாரத்துப் பெஞ்சியில் தனியே அமர்ந்து உணவுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் எழுந்து நின்றார். வேலை போய்ப் பதினொரு நாள் ஆயிற்று, வீட்டில் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல் உடுத்திப் புறப்படுவார்; மாலையில் வழக்கமான நேரத்தில் திரும்புவார். சட்டைப் பையிலிருந்து பிளாட்பாரம் டிக்கெட்டுகளை எடுத்துக் காட்டினார். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு மணி நேரமே அனுமதி. ஆதலின் நேரம் முடியுந்தோறும் வெளியே சென்று, புதிதாக ஒன்று வாங்கி வந்து அமர்ந்திருக்கின்றார்! ஒழுங்கு தவறாத அம்மனிதரின் கையிலிருந்த அச்சிறு காகிதங்களைக் கண்டு எமக்குப் பேச்சு எழவில்லை.

பின்னர்ப் பேசியதோ பிழையாயிற்று. "எல்லாம் நன்மைக்கே, கவலற்க" என்றோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பத்தொன்பது வருஷம் ஸார். என் கணக்கில் ஒரு பைசா தவறியதில்லை. அப்படியானால் நான் எங்கே தப்புச் செய்தேன்?" என்றார். நீக்கியவர் எங்கோ அமர்ந்து செலவைக் கூட்டிக் கழித்தனர். அதனை இவர் தம் மீது எழுதிய தீர்ப்பாகப் படித்துக்கொண்டார். அதைத்தான் அன்றே யாம் சொல்லியிருத்தல் வேண்டும். அவருடைய இல்லத்தரசியார் பின்னர் அழுதது வேலை போனதற்காக அன்று. "பதினொரு நாள் சோறு கட்டிக் கொடுத்தேனே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்றுதான்.

நாட்கள் உருவழிந்து போவதுதான் அடுத்த துன்பம். ஆஸ்திரியாவில் மரியென்தால் என்னும் சிற்றூரில் 1930ஐ ஒட்டி நூற்பாலை மூடப்பட, ஊரே வேலையிழந்தது. மரீ யஹோடா முதலிய அறிஞர்கள் அங்குச் சென்று ஆராய்ந்து 1933இல் ஒரு நூல் வெளியிட்டனர். வேலையற்ற ஆடவர் தெருவில் நடக்கும் வேகமே குறைந்தது. வீட்டு வேலை இருந்தமையால் பெண்டிர் விரைந்தே நடந்தனர். நூல்நிலையத்தில் கட்டணம் நீக்கப்பட்டது, பொழுதோ ஏராளம். அப்படியிருந்தும் நூல் எடுப்போர் தொகை குறைந்ததாம்.

நம் ஏரவாடாச் சிறையை இவ்விடத்தில் நினைக்கின்றோம். 1930இல் அங்கு அடைபட்டிருந்த காந்தியடிகள், செவ்வாய்தோறும் சபர்மதி ஆசிரமத்துக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்புவதைக் கடமையாக்கிக் கொண்டார். சிறைப்பட்டவருக்கும் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது.

துக்க வீட்டுக்கு அழையாமலே செல்கின்றோம். வேலை போன வீட்டுக்கு மட்டும் ஏன் செல்வதில்லை? "அவர்க்கு நாணமாயிருக்கும்" என்கின்றோம். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் கைக்கடிகாரத்தைப் பார்க்கின்றோம். நாணம் நமக்குத்தான். அரசு ஊழியராகிய எமக்கு இதைச் சொல்லுதல் எளிது என்று யாரேனும் கருதின், அதுவும் உண்மையே. ஆயினும் சென்று பார்த்தவன் என்ற முறையில் கூறுகின்றோம். யாம் இரண்டாம் முறை அவர் வீட்டுக்குச் சென்றபோது ஆறுதல் ஒன்றும் கூறவில்லை. அவர் செய்த வேலை யாது என்று மட்டும் கேட்டோம். ஆண்டு முடிவில் கணக்கை நேர்செய்யும் முறையை ஒரு மணி நேரம் விளக்கினார். இடையில் காப்பி ஆறிவிட்டது; அவர் கவனிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, முன்னையினும் குறைந்த சம்பளத்தில் அவர்க்கு வேறோர் இடம் கிடைத்தது. அதற்குள் நம் சங்கத்து நூல்நிலையப் பதிவேட்டை முதற்பக்கத்திலிருந்து திருத்தி எழுதிவிட்டார். திரும்பி வராத நாற்பத்தாறு நூல்களின் பட்டியல் அவரிடம் உள்ளது. உங்களிற் சிலர் பெயரும் அதில் உண்டு. நூல்நிலையம் செவ்வாய்தோறும் மாலை ஏழு மணிக்குத் திறக்கப்படுகின்றது. சாவி இன்னும் அவரிடமே இருக்கின்றது.