வீட்டில் இருக்கப் போகிறவர் வீட்டைப் பார்க்க வேண்டாமா?

(தலைப்பு: வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர் முதலில் தனியாகப் போய் வாடகை வீடு பிடித்துவிட்டுக் குடும்பத்தை அழைப்பதா, குடும்பத்தோடு சேர்ந்தே போய் வீடு தேடுவதா? ‘சேர்ந்தே போவது’ என்ற அணியில் பேசியது.)

    

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் சாதாரண ஆளைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. தொல்காப்பியரையே கூப்பிட்டுவிட்டார். கடல் தாண்டிப் போகும்போது பெண்களை அழைத்துப் போகிற வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் சொல்கிறதாம். சொல்கிறது, நான் மறுக்கவில்லை. வருஷா வருஷம் அதைத்தானே வகுப்பில் நடத்துகிறேன்! ஆனால் அந்தக் காலத்தில் போனவன் பாய்மரக் கப்பலில் போனான், பொருள் தேடினான், திரும்பி வந்தான். இன்றைக்குப் போகிறவர் அங்கே போய்க் குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் இடமல்லவா தேடுகிறார்! (சிரிப்பு) பொருள் தேடத் தனியாகப் போகலாம். குடித்தனம் நடத்தத் தனியாகப் போக முடியுமா ஐயா?

சரி, நண்பர் இலக்கியத்துக்குள் போய்விட்டார். நானும் போகிறேன். புது ஊருக்குக் குடிபோய் வீடு தேடிய கதை நம்மிடம் ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரம்! புகாரிலிருந்து புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியே வந்து தங்குகிறார்கள். கூடவே கவுந்தியடிகள். கோவலன் என்ன செய்தான்? எதிரணி சொன்னதை அப்படியே செய்தான். “இவளைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் உள்ளே போய் என் வணிக இனத்தாரிடம் சொல்லிவிட்டு வருகிறேன்” என்று தனியாக மதுரைக்குள் போனான். போனவன் எதையெல்லாம் பார்த்தான்? ரத்தினக் கடை பார்த்தான், பொன் கடை பார்த்தான், துணிக்கடை பார்த்தான், தானியக் கடை பார்த்தான். வேறு சில வீதிகளையும் பார்த்தான். அவற்றை நான் இங்கே சொல்ல முடியாது, குழந்தைகள் பார்க்கிற நிகழ்ச்சி! (சிரிப்பு) திரும்பி வந்து மதுரையின் பெருமையையும் பாண்டியன் ஆட்சியின் சிறப்பையும் கவுந்தியடிகளிடம் சொன்னான். வீடு? வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

வீடு எப்படிக் கிடைத்தது? அந்த வழியாக மாதரி என்ற இடையர்குலப் பெண் வந்தாள். கவுந்தியடிகளை வணங்கினாள். அவர் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். ஆயர்பாடியில் காவலோடு கூடிய ஒரு சின்ன வீடு கிடைத்தது. நடுவர் ஏன் சிரிக்கிறீர்கள்? நான் கண்ணகி இருந்த வீட்டைச் சொல்கிறேன்! (சிரிப்பு) ஊர் பார்க்கப் போனவன் கையில் வீடு கிடைக்கவில்லை. அங்கே இருந்த பெண்கள் பேசிக்கொண்டதில் கிடைத்தது. இந்த மாதரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது லண்டனுக்கு வருகிறேன். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அங்கே இருக்கிறான். மாணவன் என்பதால் உரிமையோடு ‘அவன்’ என்கிறேன். எதிரணி நண்பர்கள் எல்லோருமே ‘அவன் முன்னால் போகட்டும், மனைவியைப் பின்னால் அழைக்கட்டும்’ என்றே பேசினீர்கள். இந்தக் குடும்பத்தில் வேலை கிடைத்தது மனைவிக்கு! செவிலியர். இவன் இரண்டு வயதுக் குழந்தையோடு பின்னால் போனவன். தொல்காப்பியருக்கு இதையும் சேர்த்து ஒரு சூத்திரம் எழுதச் சொல்ல வேண்டும். (சிரிப்பு)

நீங்கள் சொன்னபடியே அந்தப் பெண் முதலில் தனியாகப் போனார். ஆஸ்பத்திரி விடுதியில் ஓர் அறை. இரவு வேலை முடிந்து வந்து, தூங்க வேண்டிய பகலில் வீடு பார்த்தார். நான்கு மாதம் அலைந்து ஒரு வீடு பிடித்தார். ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ். வாடகையும் பரவாயில்லை. அவர் கண்ணுக்கு அது நல்ல வீடு. தப்பே சொல்ல முடியாது. வேலைக்குப் போகிறவர் முதலில் பஸ்ஸைத்தானே பார்ப்பார்?

இவன் குழந்தையோடு போய் இறங்கினான். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் தள்ளுவண்டி, பால், காய்கறிப் பை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவான்? குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி இல்லை. அந்த ஊர்க் குளியலறை பெரும்பாலும் அப்படித்தான். தொட்டிக்குள் நின்று குளிக்க வேண்டும். நம்மைப் போல் வாளியும் குவளையுமாகத் தரையில் நின்று ஊற்றினால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். சமையலறைக்குக் கதவே இல்லை. கடுகு தாளித்தால் புகை கூடத்துக்கு வரும், உடனே கூரையில் இருக்கிற மணி அலறும். வாடகை வீட்டில் ஒவ்வொரு தளத்திலும் புகை மணி இருக்க வேண்டும் என்று 2015இலிருந்து அங்கே சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் தூங்குகிற குழந்தைக்கு அது தெரியுமா? ரசம் வைத்தாலும் தீப்பிடித்தாலும் ஒரே சத்தம்! (சிரிப்பு)

இதையெல்லாம் அந்தப் பெண் ஏன் கவனிக்கவில்லை? அவர் அந்த வீட்டில் தூங்கப் போகிறவர். பகல் முழுக்க அங்கே வாழப் போகிறவன் இவன். நடுவர் அவர்களே, ஆணா பெண்ணா என்பது இங்கே வழக்கே இல்லை. வீட்டில் இருக்கப் போகிறவர் வீட்டைப் பார்த்தாரா என்பதுதான் வழக்கு. எதிரணியின் திட்டத்தில், பார்க்க வேண்டியவர் ஒருத்தர்தான் பார்க்க முடியாமல் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறார்.

போட்டோ அனுப்பலாமே, வீடியோவில் காட்டலாமே என்றார் எதிரணிச் சகோதரி. அம்மா, வீடியோவில் சுவர் தெரியும், ஓதம் தெரியுமா? வார்த்தையே ஏமாற்றுகிறது. ‘டெரஸ் வீடு கிடைத்திருக்கிறது’ என்று சேதி வந்ததும், இங்கே இருந்த தாத்தா ‘வடகம் காயப்போட மொட்டை மாடி இருக்கிறது’ என்று சந்தோஷப்பட்டாராம். அந்த ஊரில் டெரஸ் வீடு என்றால் வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடு. மேலே சரிந்த ஓட்டுக்கூரை. அதில் வடகம் போட்டால் வடகமும் வராது, போட்டவரும் வர மாட்டார்! (பலத்த சிரிப்பு)

ஓதம் என்றேன். இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். குளிர் நாட்டில் ஜன்னலை மூடி வைப்பார்கள், துணியை உள்ளேயே காயப்போடுவார்கள், சூடேற்றும் கட்டணத்துக்குப் பயந்து ஹீட்டரைக் குறைப்பார்கள். சுவர் வியர்க்கும். மூலையில் கறுப்புப் புள்ளி வரும், அது படரும். பூசணம். என் மாணவன் வீட்டில் நவம்பர் மாதம் ஜன்னல் திரையை நகர்த்தியபோது தெரிந்தது. குழந்தையின் கட்டிலுக்குப் பின்னால்.

இது அற்ப விஷயம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் ரோச்டேல் என்று ஓர் ஊர். சூடானிலிருந்து போய்க் குடியேறிய ஒரு குடும்பம். அவர்கள் குழந்தை அவாப் இஷாக். வீட்டில் பூசணம் என்று அந்தத் தகப்பன் 2017இலேயே முறையிட்டான். அதன் மேல் பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2020 டிசம்பரில் அந்தக் குழந்தை இறந்துபோனது. வயது இரண்டு. வீட்டுப் பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி சொன்னார். அந்தக் குழந்தையின் பெயரிலேயே ‘அவாப் சட்டம்’ வந்தது. சமூகக் குடியிருப்புகளில் ஓதம், பூசணம் என்று சொன்னால் குறித்த காலத்துக்குள் வந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும். 2025 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது.

(அமைதி)

சுவரைத் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்வது அதனால்தான். தொட்டுப் பார்க்கிற கை, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் குழந்தையைப் படுக்கவைக்கப் போகிறவர் கையாக இருக்கட்டுமே!

அடுத்தது, குழந்தை இருக்கிறது என்றால் வீடு தர மாட்டார்கள், தனி ஆளாகப் போனால் சுலபமாகக் கிடைக்கும் என்றீர்கள். நம் ஊரில் நேர்மாறு! பேச்சிலர் என்றால் கதவைச் சாத்துகிறோம், குடும்பம் என்றால் திறக்கிறோம். அங்கே மறுக்கிறவர்கள் இருந்தார்கள், உண்மை. ஒரு காலத்தில் நிறத்தைச் சொல்லி மறுத்து ஜன்னலிலேயே எழுதி வைத்தார்கள். 1968இல் சட்டம் வந்து அது சட்டவிரோதமாயிற்று. 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தில், குழந்தை இருக்கிறது என்பதற்காக வீடு மறுப்பதும் 2026 மே 1 முதல் தடை. மேலும், வீட்டில் குடியிருக்கப் போகிற பெரியவர்கள் ஒவ்வொருவருடைய குடியிருக்கும் உரிமையையும் வீட்டுக்காரர் சரிபார்க்க வேண்டும். இங்கிலாந்து முழுக்க 2016இலிருந்து இதுதான் விதி. தனி ஆள் என்று சொல்லி உள்ளே போய்விட்டுப் பின்னாலே குடும்பத்தைக் கொண்டுவந்து இறக்குவது நம் ஊர்த் திருவிழாவுக்குச் சரி. (சிரிப்பு)

செலவு, செலவு என்று மூன்று பேரும் சொன்னீர்கள். ஒத்துக்கொள்கிறேன். குடும்பத்தோடு போய் முதல் மூன்று நான்கு வாரம் தற்காலிக வீட்டில் இருப்பது செலவுதான், சின்னச் செலவும் இல்லை. ஆனால் எதிர்ப்பக்கக் கணக்கையும் போடுங்கள். அங்கே ஒரு அறை வாடகை, இங்கே ஒரு வீட்டு வாடகை, நான்கு மாதம். அப்புறம் பிடித்த வீடு சரியில்லை என்று மாறுவதற்கு லாரி, புது வீட்டுக்கு மறுபடியும் முன்பணம். அங்கே முன்பணத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2019இலிருந்து. ஆண்டு வாடகை ஐம்பதாயிரம் பவுண்டுக்குள் என்றால் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு அது சொர்க்கம். ஆனால் பழைய வீட்டு முன்பணம் திரும்பி வருவதற்குள் புது வீட்டுக்குக் கட்ட வேண்டும் அல்லவா?

பள்ளிக்கூடமும் இருக்கிறது. அங்கே நான்கு வயது முடிந்த குழந்தை அடுத்த செப்டம்பரில் வகுப்புக்குப் போகலாம். பல அரசுப் பள்ளிகளில் யார் வீடு பக்கமோ அவர்களுக்குத்தான் முன்னுரிமை. சிபாரிசுக் கடிதம், எம்.எல்.ஏ. கடிதம் ஒன்றும் செல்லாது! வீட்டு முகவரிதான் சிபாரிசு. பஸ்ஸை மட்டும் பார்த்துப் பிடித்த வீட்டில் அது எப்படி அமையும்?

என் மாணவன் கதையை முடிக்கிறேன். வீடு மாறுவது என்று முடிவானதும் மூன்று பேரும் சேர்ந்து கிளம்பினார்கள். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்ற பகுதி. நம் தோசைக் கடையும் இலங்கைத் தமிழர் மளிகைக் கடைகளும் இருக்கிற இடம். ஒரு கடையில் குழந்தை பசியில் அழுதது. கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா எழுந்து வந்தார். “ஏன் பிள்ளை அழுகுது?” என்று ஒரு பிஸ்கட் கொடுத்தார். பேச்சு வளர்ந்தது. “தம்பி, உந்த மூலை வீட்டை மட்டும் எடுத்திடாதேங்கோ. பின்பக்கச் சுவர் முழுக்க ஈரம். முந்தி இருந்த பிள்ளைக்கு ஒரே இருமல். அடுத்த மாசம் எங்கட தெருவில ஒரு வீடு காலியாகுது. நான் கதைச்சுப் பார்க்கட்டே?” என்றார்.

மாதரி வந்துவிட்டாள், நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்) நான்கு மாதம் தனியாக அலைந்தபோது வராத மாதரி, குழந்தை அழுததும் வந்தாள். தனியாகப் போகிறவரை யார் நிறுத்திப் பேசுகிறார்கள்? கையில் குழந்தை இருந்தால் ஊரே பேசும்.

அந்த வீட்டைப் போய்ப் பார்த்தார்கள். அவன் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தடவினான். அந்தப் பெண் வாசலில் நின்று பஸ் நிறுத்தத்தை எட்டிப் பார்த்தார். குழந்தை? அது நேராகப் போய் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே வர மாட்டேன் என்றுவிட்டது! எதிரணி நண்பர்களே, உங்கள் திட்டத்தில் அந்த மூன்றாவது ஓட்டைப் போடுவதற்கு எங்கே ஐயா இடம்? (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் மணியில் கையை வைத்துவிட்டார். அடிப்பதற்குள் உட்கார்ந்துவிடுகிறேன்.