மரியாதைச் சுவர்



கல்விக்காகத் தோன்றிய சங்கத்தின் வெள்ளி விழாவில் ஓவியத்துக்கு என்ன வேலை என்று கேட்போர் இருக்கக்கூடும். அவர்களுக்கு அமெரிக்காவின் சிகாகோ நகரில் இருந்த ஒரு சுவரைக் காட்ட விரும்புகிறோம்.

அந்நகரின் தென்பகுதியில், 43ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் கூடும் மூலையில், சிதைந்த கட்டடம் ஒன்று நின்றது. கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. நகரச் சீரமைப்பு என்ற பெயரால் அவர்களுடைய குடியிருப்புகள் இடிபட்டுக்கொண்டிருந்த காலம். 1967ஆம் ஆண்டுக் கோடையில் வில்லியம் வாக்கர், ஜெஃப் டொனால்ட்சன் முதலிய ஓவியர்களும் சில புகைப்படக் கலைஞர்களும் அச்சுவரின் முன் சாரம் கட்டினர். தெருவாசிகளிடம் பேசி அவர்களது சம்மதத்தைப் பெற்ற பின்னரே தூரிகையை எடுத்தனர்.

அதில் தீட்டப்பட்டவர்கள் யார்? குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி, அறிஞர் டூ பாய்ஸ், மால்கம் எக்ஸ், பாடகி அரீதா பிராங்க்ளின் எனப் பலர். மார்ட்டின் லூதர் கிங் அவர்களில் இல்லை! அப்போது அவர் உயிரோடிருந்தார். அவரது அகிம்சை வழி போதாது என்று கருதியோர் அங்கே பலர். அந்தத் தீர்ப்பை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும், தாம் போற்றத்தக்கவர் யார் என்பதை வெளியார் சொல்லாமல் அம்மக்களே வாதிட்டு முடிவு செய்தார்கள் என்பதை மறக்கலாகாது. அதனாலேயே அதற்கு 'மரியாதைச் சுவர்' என்ற பெயர் பொருந்தியது.

எல்லாம் இனிமையாக நடந்ததாகச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். ஓவியர்களுக்குள்ளேயே பூசல் எழுந்தது. ஒருவர் தீட்டிய அரசியல் தலைவர்களின் பகுதி அழிக்கப்பட்டு, வேறொருவரால் மீண்டும் வரையப்பட்டது. நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுகளை அறிந்த மூத்தோர் இதைக் கேட்டுப் புன்னகைப்பது தெரிகிறது.

1971இல் அக்கட்டடத்தில் தீப்பிடித்தது. 1972இல் அது இடிக்கப்பட்டது. பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை நினைவில் கொண்டு பிறந்ததும் அதே ஆண்டில்தான். சுவர் ஐந்தாண்டுகள்கூட முழுமையாக நிற்கவில்லை. ஆனால் 1968லேயே வாக்கரும் அவர் நண்பர்களும் டெட்ராய்ட் நகரில் 'கண்ணியச் சுவர்' ஒன்றைத் தீட்டிவிட்டனர். பிற நகரங்களின் ஏழைத் தெருக்களிலும் சுவரோவியங்கள் எழுந்தன. சிகாகோச் சுவரை இன்று நாம் காண்பது புகைப்படங்களில் மட்டுமே.

நமது படிப்பகத்தின் தெற்குச் சுவர் சுண்ணாம்பு பூசி வெறுமையாக நிற்கிறது. அம்பேத்கரின் முகம் அதில் இடம்பெறும் என்பதில் ஐயமில்லை. அவருக்கு அருகில் யார்? அதைச் செயற்குழு தனியே கூடி முடிவு செய்துவிட வேண்டாம். வரும் ஞாயிறு மாலை தெரு முழுவதையும், குறிப்பாக நம் தாய்மார்களை, படிப்பக வாயிலுக்கு அழைத்துக் கேட்போம். சாரத்துக்கு மூங்கில் தருவதாக இரண்டு குடும்பத்தார் முன்னரே சொல்லியிருக்கிறார்கள்.