மஞ்சளும் கீமோவும்

கீமோ எடுத்துக்கொள்பவர்கள் வீட்டில் மாத்திரைகளுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் காப்ஸ்யூல் டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். முள்சீத்தா இலைக் கஷாயமும் இருக்கலாம். உறவுக்காரர் யாரோ அக்கறையோடு கொண்டுவந்தது. மஞ்சள் நம் மண்ணின் பயிர். அதனால் சந்தேகம் வருவதில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஆய்வுக்கூடத்தில் ஆதாரமும் உண்டு. திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. அங்கே ரூபி ஜான் ஆன்டோவின் குழு 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல்களுக்குப் பாக்ளிடாக்சல் மருந்தையும் மஞ்சளிலுள்ள குர்குமினையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாக்ளிடாக்சல் பட்டதும் புற்றுச் செல் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு புரதத்தைக் கிளப்பிவிடுகிறது. குர்குமின் அதை அடக்கிவிட்டது. தனித்தனியாகக் கொடுத்தபோது மடிந்ததைவிட அதிகமான செல்கள் மடிந்தன.

அதே குர்குமின் வேறொரு மருந்தோடு சேரும்போது எதிராகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தார் 2002-இல் மார்பகப் புற்றுச் செல்களில் சோதித்தார்கள். டாக்சோரூபிசின், கேம்ப்டோதெசின் முதலிய மருந்துகள் செல்களைக் கொல்வதைக் குர்குமின் தடுத்தது. சில நிலைகளில் 70 சதவீதம் வரை. ஆக, எந்த மருந்தோடு, எவ்வளவு என்று தெரியாமல் சேர்ப்பது ஆபத்து.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாப்பிட்ட குர்குமினில் பெரும்பங்கு ரத்தத்துக்குப் போவதே இல்லை. குடலும் ஈரலும் அதை உடனே மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைபரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் குர்குமின் பல மடங்கு கூடியது. இன்று கடையில் விற்கும் பல மஞ்சள் காப்ஸ்யூல்களில் மிளகுச் சத்து இருப்பது இதனால்தான். எனக்குக் கவலை தருவதும் இதுவே. மிளகுச் சத்து மந்தமாக்கும் ஈரல் நொதிகளில் ஒன்றுதான் வின்கிறிஸ்டின், டோசிடாக்சல் போன்ற கீமோ மருந்துகளையும் சிதைப்பது. சிதைவது குறைந்தால் மருந்து உடம்பில் தங்கும் அளவு கூடலாம். வின்கிறிஸ்டின் மிகுந்தால் கை கால் மரத்துப்போகும், குடல் இயக்கம் நின்றுபோகும்.

வின்கிறிஸ்டின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டிலும் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து. டன் கணக்கில் காய்ந்த இலையைக் கொட்டினால்தான் சில கிராம் கிடைக்கும். தென் தமிழகத்தில் வானம் பார்த்த பூமியில் இதைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்தவர்கள் உண்டு.

தாவரச் சத்தை மற்ற மருந்துகளோடு சேர்த்து உயிர் காத்த கதைக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்காக டாக்டர் சாந்தா நடத்திய அடையாறு மருத்துவமனையும், மும்பை டாடா மருத்துவமனையும், டெல்லி எய்ம்ஸும் 1980-களில் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. நித்தியகல்யாணியின் வின்கிறிஸ்டின், மண்ணில் வாழும் நுண்ணுயிரின் டானோரூபிசின், பாக்டீரியா தரும் அஸ்பராஜினேஸ், கூடவே ஸ்டீராய்டு. ஒவ்வொன்றும் நோயை வேறு வேறு இடத்தில் தாக்கும். வின்கிறிஸ்டினும் ஸ்டீராய்டும் எலும்பு மஜ்ஜையை அதிகம் வாட்டுவதில்லை. அதனால் மஜ்ஜையை வாட்டும் மருந்துகளோடு அவற்றைச் சேர்க்க முடிந்தது. குழந்தையின் உடல் அளவுக்கு ஏற்ற டோஸ், எந்த நாளில் எந்த ஊசி என்ற கணக்கு, இடையிடையே ரத்தப் பரிசோதனை. முன்பு பிழைத்ததைவிட அதிகமான குழந்தைகள் பிழைத்தார்கள்.

குர்குமினையும் இப்படி அளந்து சோதிக்க முடியும். ஆர்மீனியாவில் மார்பகப் புற்று பரவிய 150 பெண்களுக்குப் பாக்ளிடாக்சல் கொடுத்தார்கள். பாதிப்பேருக்குக் கூடவே குர்குமினும் நரம்பு வழியாக ஏறியது. 2020-இல் வந்த முடிவின்படி, குர்குமின் பெற்றவர்களில் பாதிப்பேருக்குக் கட்டி சுருங்கியது. பெறாதவர்களில் மூன்றில் ஒருவருக்கு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது.

சாம்பாரில் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். காப்ஸ்யூலோ, கஷாயமோ, பொடியோ தனியாக எடுத்துக்கொண்டால், அடுத்த கீமோவுக்குப் போகும்போது அந்த டப்பாவையே கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். பல பேர் திட்டுவார்களோ என்று மறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள்.